எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எந்தக் கடை என்று சொல்கிறேன்

கேள்வி இது: "குடும்பமாக ஒரு மாதம் அமெரிக்காவைக் காரிலேயே சுற்றப் போகிறோம். மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி எல்லாம் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே மட்டும் கிடைக்கிற ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் எது சிறந்தது? பகுதிக்குப் பகுதி நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா? எங்களில் இரண்டு பேர் சைவம்."

வித்தியாசம் நிறையவே இருக்கிறது. நான் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் 17 வருடமாக இருக்கிறேன். தொழிற்சாலைகளில் பேக்கிங் இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. கருவிப் பெட்டிகளோடு போக வேண்டியிருப்பதால் விமானத்தில் போனதைவிடக் காரில் போனதுதான் அதிகம். நான் எல்லாம் சாப்பிடுவேன். என் மனைவி முட்டைகூடத் தொடாத சைவம். லீவு நாட்களில் அவளும் கூட வருவாள் என்பதால், ஒவ்வொரு கடையையும் இரண்டு பேர் கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

எது சிறந்தது என்று மொத்தமாக ஒரு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்குள்ள நல்ல கடைகள் ஏதோ ஓர் ஊரில் முளைத்தவை. அந்த ஊரில் என்ன விளைந்தது, எந்த நாட்டுக்காரர்கள் வந்து குடியேறினார்கள் என்பது அந்தத் தட்டில் இருக்கும். வேறு மாநிலத்துக்குக் கிளை போனால் பாதி ருசி வழியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் பகுதி பகுதியாக, மேற்குக் கரையில் தொடங்கிச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் இறங்கினால் முதல் வேளை இன்-என்-அவுட். 1948ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பால்ட்வின் பார்க்கில் ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் ஆரம்பித்த கடை. காரில் உட்கார்ந்தபடி ஒலிபெருக்கியில் பேசி ஆர்டர் கொடுக்கும் வசதியை அப்போதே வைத்தவர்கள். இன்று வரை குடும்பச் சொத்துதான், பேத்தி நடத்துகிறார். வெளியாட்களுக்கு உரிமம் கொடுத்துக் கிளை திறப்பதில்லை. கடையில் ஃப்ரீசரும் கிடையாது, மைக்ரோவேவும் கிடையாது. கறி உறையாமல் வந்து சேர வேண்டும் என்பதால் அவர்களுடைய சொந்தக் கறிக்கூடத்திலிருந்து ஒரு நாளில் வண்டி போய்ச் சேரும் தூரத்துக்குள்தான் கிளை வைக்கிறார்கள். இத்தனை வருடமாகியும் பெரும்பாலும் மேற்கு மாநிலங்களிலும் டெக்ஸஸிலும் மட்டுமே அந்த மஞ்சள் அம்புக்குறிப் பலகையைப் பார்க்க முடிவதற்கு அதுதான் காரணம்.

கவுண்டருக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காகிதத் தொப்பி போட்ட ஒரு பையன் முழு உருளைக்கிழங்கை ஒரு கருவியின் வாயில் வைத்துக் கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுப்பான். கிழங்கு குச்சி குச்சியாகக் கீழே தொட்டியில் விழும். அது நேராகச் சூரியகாந்தி எண்ணெய்க்குப் போகும். இத்தனை புதிதாக இருந்தும், அந்த ஃப்ரைஸ் எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. ஒரே தடவை பொரிப்பதால் சீக்கிரம் துவண்டுவிடும். "வெல் டன்" என்று சொல்லி வாங்குங்கள், இன்னும் கொஞ்சம் முறுக விட்டுத் தருவார்கள்.

பர்கர்தான் அங்கே விஷயம். சுவரில் இருக்கும் மெனு ஒரு கைக்குள் அடங்கும். ஆனால் அதில் எழுதாத சில பெயர்கள் உண்டு. "அனிமல் ஸ்டைல்" என்று கேட்டால் கறி வேகும்போதே அதன்மேல் கடுகு சாஸைத் தடவி வாட்டி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் ஸ்பிரெட் என்று அவர்கள் சொல்கிற சாஸைக் கூடுதலாகவும் வைத்துத் தருவார்கள். நான் எப்போதும் அதைத்தான் கேட்பேன். உங்கள் சைவக்காரர்கள் "கிரில்டு சீஸ்" என்று கேட்கட்டும். கறி இல்லாமல் பன்னுக்குள் சீஸ், தக்காளி, கீரை இலை, வெங்காயம் வரும். அந்த இளஞ்சிவப்பு ஸ்பிரெட்டில் முட்டை இருக்கிறது. முட்டை ஆகாதவர்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு கெட்சப்பும் கடுகு சாஸும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடை எண்ணெயில் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் பொரிப்பதில்லை. என் மனைவிக்கு அமெரிக்காவிலேயே நிம்மதியாகச் சாப்பிட முடிந்த முதல் ஃப்ரைஸ் அதுதான்.

நியூ மெக்ஸிகோ வழியாகப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து பச்சை மிளகாயைத் தவறவிடாதீர்கள். ஹேட்ச் என்ற ஊரைச் சுற்றி விளைகிற நீள மிளகாய் அது. அறுவடைக் காலமான ஆகஸ்ட், செப்டம்பரில் கடை வாசல்களில் கம்பிவலை உருளைகளில் மிளகாயைப் போட்டுத் தீயில் சுழற்றிச் சுடுவார்கள். கார்க் கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் அந்த மணம் உள்ளே வரும். காரம் நமக்குப் பெரிதில்லை, சுட்ட தோலின் வாசனைதான் அதன் ருசி. 1952ல் ஆல்புகர்க்கியில் தொடங்கிய பிளேக்ஸ் லோட்டாபர்கரில் அதைப் பர்கரோடு சாப்பிடலாம், காலையில் புரிட்டோ என்ற ரொட்டிச் சுருளுக்குள் வைத்தும் தருவார்கள். அந்த மாநில மெக்டொனால்ட்ஸ்கூடப் பச்சை மிளகாய் போட்டுத் தருகிறது. "சிவப்பா, பச்சையா?" என்பதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே அறிவித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்துமஸ்" என்று சொல்ல வேண்டும்.

டெக்ஸஸில் வாட்டபர்கர். இன்-என்-அவுட்டா வாட்டபர்கரா என்று இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஓயாமல் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு பசிக்கானவை. வாட்டபர்கர் 1950ல் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை நகரத்தில் ஹார்மன் டாப்சன் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாப்பிட முடிய வேண்டும், கடித்தவுடன் "என்ன ஒரு பர்கர்!" என்று வாயிலிருந்து வர வேண்டும் என்று நினைத்துத்தான் அந்தப் பெயர். பன் ஐந்து அங்குலம். கெட்சப்புக்குப் பதில் கடுகு சாஸ்தான் வழக்கம். ஹலபேனியோ மிளகாய் கேட்டால் நிறைய வைப்பார்கள். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கடை, 24 மணி நேரமும் திறந்திருக்கும். தனியாக வண்டி ஓட்டுகிறவனுக்கு நள்ளிரவில் அந்த ஆரஞ்சு விளக்கு தெரியும்போது வருகிற தெம்பு எனக்கு நன்றாகத் தெரியும். இரவு 11 மணியிலிருந்து காலை 11 மணி வரை கிடைக்கிற ஹனி பட்டர் சிக்கன் பிஸ்கட்டை விட்டுவிடாதீர்கள். பிஸ்கட் என்ற ரொட்டிக்குள் பொரித்த கோழி, அதன் மேல் தேனும் வெண்ணெயும் கலந்த சாஸ். ஒரு பர்கராக மட்டும் பார்த்தால் இன்-என்-அவுட் சுத்தமான ருசி. இரவு ஒரு மணிக்கு, இன்னும் 200 மைல் பாக்கியிருக்கும்போது, நான் வாட்டபர்கருக்குத்தான் போவேன்.

2019ல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை ஒரு சிகாகோ முதலீட்டு நிறுவனம் வாங்கியபோது டெக்ஸஸில் எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள் தெரியுமா? அப்போது நான் ஹூஸ்டனில் ஒரு வேலையில் இருந்தேன். தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு வாரம் முழுக்க அதே பேச்சு. சொந்த வீட்டை விற்றதுபோலப் பேசினார்கள். ஒரு பர்கர் கடை ஓர் ஊரின் மனதில் அவ்வளவு இடம் பிடிக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தெற்கே போனால் கோழி ராஜ்ஜியம். முதலில் ஒன்று: அங்கே பிஸ்கட் என்பது நாம் டீயில் நனைக்கும் பிஸ்கட் இல்லை. பன்னுக்கும் பஃப்ஸுக்கும் நடுவில், உப்பும் வெண்ணெயுமாக, சூடாக உதிர்கிற ஒரு ரொட்டி. அதை நன்றாகச் செய்கிற சங்கிலிக் கடை என்றால் எனக்கு போஜாங்கிள்ஸ்தான். 1977ல் வட கரோலைனாவின் ஷார்லட்டில் தொடங்கியது. காலை ஆறு மணிக்குப் போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பிஸ்கட்டுக்குள் காரக் கோழித் துண்டு வைத்த கேஜன் ஃபிலே வாங்கி, ஐஸ் போட்ட இனிப்பு டீயோடு சாப்பிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் போனால் அதே பிஸ்கட் சற்று இறுகியிருக்கும்.

பாப்பாய்ஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1972ல் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய அராபியில் ஆல் கோப்லேண்ட் திறந்தது. லூயிசியானாவில் அதைச் சாப்பிடும்போது கோழியைவிட ரெட் பீன்ஸ் சோற்றைக் கவனியுங்கள். நியூ ஆர்லியன்ஸில் அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். ஒரு பக்கம் துவைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் பீன்ஸை மெல்லிய தீயில் வேக விடுவார்கள். அந்த வீட்டுப் பழக்கம்தான் இந்தக் கடையின் கிண்ணத்துக்குள் வந்திருக்கிறது. பார்த்தால் சைவம் போலத் தெரியும், ஆனால் பன்றிக்கறி சேர்ந்தது. உங்கள் சைவக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டன் ரூஜில் 1996ல் தொடங்கிய ரெய்சிங் கேன்ஸில் விற்பதே எலும்பில்லாத கோழித் துண்டுகள் மட்டும்தான், குழந்தைகளுக்குப் பிடிக்கும். சிக்-ஃபில்-ஏ என்ற கடையில் கோழியைக் கடலை எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதனாலேயே நமக்கு நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிளையும் திறக்காது. நெடுஞ்சாலைப் பலகையை நம்பி ஞாயிறன்று வண்டியைத் திருப்பிவிடாதீர்கள்.

வாஃபிள் ஹவுஸை ஃபாஸ்ட் ஃபுட் என்று சொல்லலாமா என்று சிலர் சந்தேகப்படலாம், உட்கார்ந்து தட்டில் சாப்பிடுகிற இடம்தான். ஆனாலும் அதை விட்டுவிட்டுத் தெற்கைப் பற்றிப் பேச எனக்கு முடியாது. 1955ல் அட்லாண்டா பக்கத்தில் அவன்டேல் எஸ்டேட்ஸில் தொடங்கியது. மேசையில் உட்காராமல் அடுப்புக்கு எதிரே இருக்கும் உயர ஸ்டூலில் உட்காருங்கள். பரிமாறுபவர் ஆர்டரைச் சத்தமாகச் சொல்வார். சமையல்காரர் எதையும் எழுத மாட்டார். வெறும் தட்டை எடுத்து அதில் ஒரு ஜெல்லிப் பொட்டலம், இன்னொரு தட்டில் கடுகு சாஸ் பொட்டலம், மற்றொன்றில் ஊறுகாய்த் துண்டு என்று வைத்துக்கொண்டே போவார். எந்தப் பொட்டலம், மேல்நோக்கியா கவிழ்த்தா, தட்டில் எந்த இடத்தில் என்பதுதான் ஆர்டர். பத்துத் தட்டுகள் வரிசையாக இருக்கும். அத்தனையையும் ஒரு பார்வையில் படித்து முட்டையை உடைத்துக்கொண்டே இருப்பார். நான் இயந்திரங்களோடு வேலை பார்க்கிறவன், இவ்வளவு பிசகாத ஒரு முறையைத் தொழிற்சாலையில்கூட அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அங்கே துருவி வறுத்த உருளைக்கிழங்குக்கு, அதாவது ஹாஷ் பிரவுன்ஸுக்கு, தனி மொழியே உண்டு. "ஸ்மதர்டு" என்றால் வெங்காயம், "கவர்டு" என்றால் சீஸ், "டைஸ்டு" தக்காளி, "பெப்பர்டு" ஹலபேனியோ, "கேப்டு" காளான். இவை ஐந்தையும் சேர்த்துச் சொன்னால் சைவக்காரருக்கு வயிறு நிறையும். ஆனால் பக்கத்தில் அதே தகட்டில் பன்றிக்கறி வெந்துகொண்டிருக்கும். கண்டிப்பானவர்களுக்கு அது ஆகாது, என் மனைவி வாஃபிளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தாள், அதன் மாவில் முட்டை என்று தெரிந்து காபியோடு நிறுத்திவிட்டாள். இன்னொரு தகவல்: புயல் அடித்தாலும் இந்தக் கடைகள் மூடுவது அபூர்வம். கூட்டாட்சி அரசின் பேரிடர் துறைத் தலைவராக இருந்த கிரெய்க் ஃப்யூகேட், ஓர் ஊரின் சேதத்தை அளக்க அங்குள்ள வாஃபிள் ஹவுஸ் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பாராம். முழு மெனு இருந்தால் பச்சை, குறைந்த மெனு என்றால் மஞ்சள், மூடியிருந்தால் சிவப்பு.

நடுப்பகுதி மாநிலங்களில் பால்தான் எல்லாம். விஸ்கான்சினில் 1984ல் சாக் சிட்டி என்ற சிற்றூரில் தொடங்கிய கல்வர்ஸ், என் பார்வையில் நாட்டிலேயே மிகவும் அன்பாகப் பரிமாறுகிற சங்கிலிக் கடை. பட்டர்பர்கர் என்று பெயர், பன்னின் மேல்பாதியில் வெண்ணெய் தடவி வாட்டுவதால். அங்கே நான் போவது சீஸ் கர்ட்ஸுக்காக. செடார் சீஸ் முற்றுவதற்கு முன்பு திரளும் சிறு கட்டிகளை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். பஜ்ஜி சாப்பிடத் தெரிந்த யாருக்கும் அது பிடிக்கும். அப்புறம் ஃப்ரோஸன் கஸ்டர்ட், தினம் ஒரு சுவை. ஐஸ்கிரீமைவிடக் கெட்டியாக, பட்டுப்போல இருக்கும், ஏனென்றால் அதில் முட்டை மஞ்சள்கரு உண்டு. 1.4 சதவீதமாவது இருந்தால்தான் கஸ்டர்ட் என்று விற்கலாம் என்பது சட்டம். முட்டை சாப்பிடாதவர்கள் ஐஸ்கிரீம் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள், எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.

நெப்ராஸ்காவைக் கடப்பதாக இருந்தால் ரன்சா. அரைத்த மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயத்தை ரொட்டி மாவுக்குள் அடைத்துச் சுட்ட நீள ரொட்டி. ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் இங்கே குடியேறியபோது கொண்டுவந்த வயல்வெளிச் சாப்பாடு, 1949ல் லிங்கன் நகரத்தில் கடையானது. ஜனவரி, பிப்ரவரி செவ்வாய்க்கிழமைகளில் ஃப்ரைஸும் பானமும் வாங்கினால், காலை ஆறு மணிக்கு எத்தனை ஃபாரன்ஹீட் டிகிரியோ அத்தனை சென்ட்தான் ரன்சாவின் விலை. பனி அதிகமாக அதிகமாக விலை குறையும்.

எங்கள் கொலம்பஸில் தலைமையகம் வைத்திருக்கும் வைட் காசில் 1921ல் கன்சாஸின் விச்சிட்டாவில் பிறந்தது. பர்கர் சங்கிலிக் கடைகளுக்கெல்லாம் மூத்தது. அரைத்த கறி என்றாலே மக்கள் பயந்த காலத்தில், வெள்ளைச் சுவரும் பளபளக்கும் எஃகுமாகக் கடையைக் கட்டிச் சுத்தத்தைக் கண்ணில் காட்டினார்கள். உள்ளங்கை அளவு சதுரக் கறியில் ஐந்து ஓட்டை. வெங்காயத்தின் மேல் வைத்தால் ஆவி அந்த ஓட்டை வழியாக ஏறி, கறியைத் திருப்பாமலே வேக வைத்து, மேலே இருக்கும் பன்னையும் மெத்தென்று ஆக்கிவிடும். பிறந்த விச்சிட்டாவில் இன்று ஒரு கிளைகூட இல்லை. எனக்கு நாலு போதும், ஐந்தாவது வேண்டாம்.

சைவம் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் சாப்பிடுகிற நினைப்பில் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸைச் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990ல் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள், ஆனால் மாட்டிறைச்சி வாசனைப் பொருள் தொடர்ந்தது. அதை மறைத்தார்கள் என்று 2001ல் சியாட்டிலில் ஹரிஷ் பார்தி என்ற வழக்கறிஞர் இந்துக்கள் சார்பில் வழக்குப் போட்டார். 2002ல் மன்னிப்போடு ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பொருள் இன்றும் அமெரிக்கப் பட்டியலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. வழியில் எதுவும் அகப்படாவிட்டால் டாக்கோ பெல்லுக்குப் போங்கள். 1962ல் கலிபோர்னியாவின் டவுனியில் தொடங்கி இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. அதன் பீன்ஸில் கொழுப்புச் சேர்ப்பதில்லை, பெரும்பாலான அயிட்டங்களில் கறிக்குப் பதில் பீன்ஸ் கேட்கலாம். "ஃப்ரெஸ்கோ" என்றால் சீஸுக்குப் பதில் தக்காளி. எங்கள் நீண்ட பயணங்கள் பாதி அந்த பீன் புரிட்டோவில்தான் ஓடின.

கடைசியாக, எனக்கு மனதுக்கு நெருக்கமானது. சின்சினாட்டி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. முதல் தடவை ஸ்கைலைன் சில்லி என்ற கடையின் கதவைத் திறந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். பட்டையும் கிராம்பும் கறியோடு வேகிற வாசனை. ஒஹாயோவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மா கொத்துக்கறி செய்யும் நேரம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

இங்கே சில்லி என்பது, மாசிடோனியாவிலிருந்து வந்த கிராட்ஜெஃப் சகோதரர்கள் 1922ல் எம்பிரஸ் என்ற கடையில் தொடங்கிவைத்த உணவு. தங்கள் ஊர் மசாலாவில் அரைத்த கறியைக் குழம்பாக்கி ஸ்பகெட்டி மேல் ஊற்றினார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த நிக்கலஸ் லாம்ப்ரினிடீஸ் 1949ல் நகரத்தின் உயர் கட்டடங்கள் தெரியும் ஒரு மேட்டில் கடை போட்டதால் ஸ்கைலைன் என்று பெயர். ஜோர்டானிலிருந்து வந்த தாவூத் சகோதரர்கள் 1965ல் கோல்ட் ஸ்டார் தொடங்கினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து இதற்கும் அதற்கும் வாதாடும். நான் ஸ்கைலைன் பக்கம். டெக்ஸஸ்காரர்கள் இதைச் சில்லி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சில்லி முழுக்க மிளகாயும் கறியும்தான். ஆனால் பட்டை போட்ட கறிக்குழம்பு சரியா தவறா என்று நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் தடவைக்கு "த்ரீ-வே" சொல்லுங்கள்: ஸ்பகெட்டி, மேலே குழம்பு, அதற்கு மேல் தட்டு மறையும் அளவுக்குத் துருவிய செடார் சீஸ். வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் ஃபோர்-வே, இரண்டும் என்றால் ஃபைவ்-வே. ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றாதீர்கள், ஓரத்தால் கேக் வெட்டுவதுபோல வெட்டி எடுக்க வேண்டும். மேசையில் ஒரு கிண்ணம் குட்டி உப்பு பிஸ்கட்டுகளும் காரச் சாஸும் இருக்கும். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் ஒரு சொட்டு விட்டுச் சாப்பாடு வரும் வரை கொறித்துக்கொண்டிருங்கள். சைவக்காரர்கள் இருவரும் கறிக்குழம்புக்குப் பதிலாகக் கறுப்பு பீன்ஸும் சோறும் போட்டுத் தரச் சொல்லட்டும், ஸ்பகெட்டியும் சீஸ் மலையும் அதே அளவுதான் வரும்.